என் கோட்டுப் பொத்தானும் ஸ்டெல்லாவின் மேல்தாடையும்

என்னை வழியனுப்பும் விழாவுக்குத் துறையில் ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அஃப்ரீன் வந்து நின்றாள். அஃப்ரீன் என் பழைய மாணவி, பிரேசர் டவுன்காரி, இப்போது நான் வேலை பார்க்கும் அதே பல் மருத்துவமனையில் விரிவுரையாளர். "மேம், உங்க பெஸ்ட் கேஸ் பத்தி எழுதுங்க. ஜூனியர்ஸுக்கு இன்ஸ்பைரிங்கா இருக்கணும்" என்றாள். ஃபோட்டோவும் கேட்டாள், சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நன்றாக முடிந்த கேஸ்கள் ஏராளம். ஆனால் நன்றாக முடிந்தவர்கள் எல்லாம் பல்லை மாட்டிக்கொண்டு போனவர்கள்தான், அவர்கள் முகம்கூட நினைவில்லை. எனக்கு மறக்காமல் இருப்பது நான் அசடு வழிந்த கேஸ்கள். அவற்றில் முதலிடம் ஸ்டெல்லாவுக்கு. ஜூனியர்களுக்கு இது ஊக்கம் தருமா என்று தெரியவில்லை. டாக்டரம்மாவே இவ்வளவு லட்சணமாக இருந்திருக்கிறார், நமக்கென்ன என்று ஒரு தைரியமாவது வரும்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் என்றால் பல் பிடுங்குகிறவர், பல் கட்டுகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். நான் செய்தது நடுவில் உள்ள வேலை. பல் இருக்கும்வரைதான் தாடை எலும்புக்கு அந்த இடத்தில் வேலை. பல் போனதும், வேலையில்லாத எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பித்துவிடும். ஓய்வு பெறப்போகும் நேரத்தில் இந்த விஷயம் எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் முடுக்கும் திருகாணி, அதன் மேல்தான் புதுப் பல் உட்காரும். சுவரே இல்லாத இடத்தில் ஆணி அடிக்க முடியாது. அந்தச் சுவரை எழுப்பிக் கொடுப்பவள் நான். "என் பொண்ணு வாய்க்குள்ள கொத்தனார் வேலை பாக்குறா" என்றுதான் அப்பா விதான சௌதா ஆபீஸ் நண்பர்களிடம் சொல்வார். அவர் அரசாங்க குமாஸ்தா, பெண் டாக்டர் ஆனதில் பெருமைதான். ஆனால் காய்ச்சல், மூட்டுவலி என்று வீட்டுக்கு வந்த நண்பர்களை நான் திருப்பி அனுப்பியதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படித்தேன், பாஸ் செய்தேன், நடுவே ஒரு முறை ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன். விழுந்தது நோயாளியின் மடியில் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

தொழில் கற்றது டாக்டர் நஞ்சுண்டய்யாவின் கீழே. அவர் எங்கள் துறைத் தலைவர், மாண்டியாக்காரர், ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார், அந்த வாசனை வந்தால் பின்னால் நிற்கிறார் என்று அர்த்தம். நாம் செய்வதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரே ஒரு கன்னட வார்த்தை சொல்வார். "ஹௌதா?"

அப்படியா என்று பொருள். அவ்வளவுதான். ஆனால் அதை அவர் சொல்லும் விதத்தில் நாங்கள் நடுங்குவோம். மெதுவாக இழுத்துச் சொன்னால் இன்னொரு முறை யோசி. சட்டென்று சொன்னால் கருவியைக் கீழே வை. புருவத்தைத் தூக்கிச் சொன்னால் நீ சொன்னது பொய் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். மிகவும் அபூர்வமாக, யாருக்காவது, "பரவாகில்லா" என்பார். பரவாயில்லையே என்று அர்த்தம். அதுதான் எங்கள் துறையின் தங்கப் பதக்கம். எனக்குப் பல வருடம் கிடைக்கவில்லை.

மூன்றாவது வகை ஹௌதாவை நான் வாங்கிய கதை ஒன்று உண்டு. மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு கணக்கு அதிகாரி வந்தார். நெற்றியில் நாமம், கையில் செய்தித்தாள். கீழ்த்தாடையில் எலும்பு போதாது, எலும்புத் தூள் வைத்து நிரப்ப வேண்டும். நாற்காலியில் சாய்ந்துவிட்டார், நான் குப்பியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது கேட்டார்.

"ஏம்மா, இது எதுலேர்ந்து பண்றது?"

"மினரல் சார். ரொம்ப சுத்தம் பண்ணது."

கிராம்பு வாசனை வந்தது. "ஹௌதா?"

எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "மாட்டு எலும்புலேர்ந்து எடுக்கறது சார். மேல மூடற சவ்வு பன்றியோடது" என்றேன். அவர் அப்படியே எழுந்து உட்கார்ந்தார். கழுத்தில் கட்டிய துணியை அவிழ்க்கப் போனார். ஓடிவிடுவார் என்று நினைத்தேன்.

"என்னோட எலும்பே எடுக்க முடியாதா?"

"முடியும் சார். மோவாய்லேர்ந்து எடுக்கலாம். கொஞ்சம் கூடுதல் வேலை."

"அப்ப அதையே எடு. பருப்பும் தயிர் சாதமும் சாப்பிட்டு வளர்ந்த எலும்பு. நம்பி வைக்கலாம்."

எடுத்தேன், வைத்தேன், பிடித்துக்கொண்டது. அவர் சும்மா இருக்கவில்லை. தினமும் நடைப்பயிற்சியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அதன்பிறகு சைவ எலும்பு வேண்டும் என்று கேட்டு என்னிடம் கூட்டம் வர ஆரம்பித்தது. மோவாய் எலும்பில் நான் நிபுணி ஆன கதை இதுதான். திறமையால் வந்த பெயர் என்று விழாவில் யாராவது பேசினால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வேன்.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் ஸ்டெல்லா வந்தாள்.

விவேக் நகரில் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் அவளும் அவள் அக்காவும் தையல் கடை வைத்திருந்தார்கள். கல்யாண கவுன், புதுநன்மை வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளை ஃபிராக், அதோடு அக்கம்பக்கத்துப் பிளவுஸ்கள். கடையில் மிஷின் இரண்டு. ஒன்று முன்னால், தெருவைப் பார்த்து. இன்னொன்று பின்னால், ஜன்னலில்லாத அறையில். முன் மிஷின் ஸ்டெல்லாவுடையது. ஒருநாள் பஸ் திடீரென்று பிரேக் போட, முன் சீட்டுக் கம்பியில் முகம் மோதி, மேல்வரிசையில் முன்பற்கள் மூன்று போயின. கழற்றி மாட்டும் பிளேட் ஒன்றை யாரோ செய்துகொடுத்தார்கள். அது ஒரு கல்யாணப் பெண்ணுக்கு கவுன் அளவு சரிபார்க்கும்போது, சிரித்த வேகத்தில் கழன்று, வெள்ளை நெட் துணியின் மேல் விழுந்தது.

"அந்தப் பொண்ணு கத்திடுச்சு மேடம். பல்லி விழுந்துச்சுன்னு நெனச்சிருச்சு" என்றாள் ஸ்டெல்லா, கையால் வாயை மறைத்துக்கொண்டே. "அன்னையிலேர்ந்து நான் பின்னாடி ரூம்ல. முன்னாடி அக்காதான். அக்காக்கு கஸ்டமர்கிட்ட பேசவே வராது மேடம், சொல்ப கோபம் ஜாஸ்தி. எனக்கு முன்னாடி மிஷின்ல உக்காரணும். அவ்ளோதான்."

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல் போய் வருடங்கள் ஆகியிருந்தன. எலும்பு வரப்பு போல மெலிந்து கிடந்தது. இப்போது அஃப்ரீன் என்றால் ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் தாடையைச் சுழற்றிப் பார்த்து, பிளாஸ்டிக்கில் அச்செடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு யோசிப்பாள். நான் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறின் வழியாக மெல்லிய முனையால் குத்திக் குத்தி, எலும்பு எங்கே தட்டுப்படுகிறது என்று அளந்தேன். திருகாணிக்கு இடமே இல்லை. மோவாயிலிருந்து ஒரு துண்டு எடுத்து இங்கே வைக்க வேண்டும் என்றேன். மோவாயில் தாராளமாக எடுக்க ஒரு முறைதான் முடியும் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அது வெறும் தகவல் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல எனக்கு ஆசை. கீழ் உதட்டுக்குள்ளே கீறி, தசையை ஒதுக்கி, மோவாய் எலும்பைத் திறக்க வேண்டும். பல் வேர்களுக்குக் கீழே போதிய தூரம் விட்டு, மெல்லிய ரம்பத்தால் சின்னப் பெட்டி மாதிரி கோடு போடுவோம். எலும்பு சூடாகக் கூடாது, சூடானால் செத்துவிடும். அதனால் ஒருவர் சலைன் விட்டுக்கொண்டே இருப்பார். பிறகு உளி. சுத்தியால் மெதுவாகத் தட்டும்போது முதலில் கெட்டியான சத்தம் வரும். துண்டு விடுபடும் நேரத்தில் சத்தம் மாறும், காலியான டப்பாவைத் தட்டுவது போல. நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார். வலி இருக்காது, ஆனால் தலைக்குள் தட்டுவது கேட்கும். ஸ்டெல்லா கண்ணை மூடி உதடு அசையாமல் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். விரல்கள் மட்டும் மணி உருட்டின.

துண்டை எடுத்து, மேல்தாடையில் பொருந்தும்படி இழைத்து, முனைகளை மழுக்கி, சிறு திருகாணிகளால் இறுக்கினேன். அதன் பிறகு ஈறை இழுத்து மூட வேண்டும். இங்கேதான் நஞ்சுண்டய்யா சார் வந்து நிற்பார். மூடும் ஈறை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். "கரெத்ரே பர்பேக்கு, எளீபார்து" என்பார். கூப்பிட்டால் வரணும், இழுக்கக் கூடாது. ஈறின் அடிப்பக்கத்தை லேசாக விடுவித்துத் தளர்த்தினால், அது தானாக வந்து எலும்பின் மேல் படுத்துக்கொள்ளும். இழுத்துக் கட்டினால் இரண்டே வாரத்தில் பிரிந்துகொள்ளும். அன்றைக்கு ஈறு தானாக வந்து படுத்தது. சார் ஒரு ஹௌதாகூட இல்லாமல் போனார். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

கண்ணாடி கேட்டு வாங்கி ஸ்டெல்லா உள்ளே பார்த்தாள். மரத்துப்போன உதட்டோடு, "தையல் சொல்ப கோணலா இருக்கு மேடம்" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார். நான் சிரித்த மாதிரி காட்டிக்கொண்டேன்.

பிறகு என் புகழ்பெற்ற அறிவுரை. எதையெல்லாம் கடிக்கக் கூடாது என்பதில் நான் பெரிய வித்தகி. முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய், சிக்கன் எலும்பு, ஆப்பிள், பன்னின் மேல்பாகம், தட்டை, காய்ந்த சப்பாத்தி என்று நோயாளிக்கே பசி வரும் அளவுக்கு அடுக்குவேன். மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள். பிளேட் புண்ணில் படாமலிருக்க உள்பக்கம் நன்றாகத் தேய்த்து இடைவெளி விட்டுக் கொடுத்தேன். வெளியே போகும்போது மட்டும் மாட்டிக்கொள்ளச் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்து ஸ்டெல்லா வந்தபோது வாய் திறக்கும் முன்பே வாடை வந்தது. உதட்டைத் தூக்கினேன். ஈறு பிளந்திருந்தது. நடுவில் எலும்பின் ஒரு மூலை, அழுக்கு வெள்ளையாக. இடுக்கியால் தொட்டதும் ஆடியது.

இடுக்கியைக் கீழே வைத்தேன். வைத்தவள் சும்மா இருந்திருக்கலாம். மாணவர்கள் சுற்றி நின்றார்கள், நிபுணி என்ற பெயர் வேறு. குற்றவாளியைத் தேட ஆரம்பித்தேன்.

"முறுக்கு சாப்டீங்களா?"

"இல்ல மேடம்."

"சிக்கன்?"

"இல்ல மேடம். கஞ்சியும் ரசம் சாதமும்தான். அக்காவைக் கேளுங்க."

"எதையோ கடிச்சிருக்கீங்க. கடிக்காம இப்படி ஆகாது."

"சத்தியமா எதையும் கடிக்கல மேடம்." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான் கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ஹௌதா?" என்றேன். ஆமாம், நானேதான். மூன்றாவது வகை. சாரின் புருவம் உட்பட அப்படியே வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

ஸ்டெல்லா அழுதாள். நான் மாணவர்களை அனுப்பிவிட்டு, ஒட்டு வைத்த எலும்பை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே பிளேட்டை மறுபடி மாட்டி மூக்கைத் துடைத்தவள், என் கோட்டைப் பார்த்தாள். நடுப் பொத்தான் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பல நாளாகவே அப்படித்தான். அடுத்த சலவையில் போய்விடும், புதுக்கோட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"விழுந்துடும் மேடம். அசையாதீங்க" என்றாள். கைப்பையில் நூல் கோத்த ஊசி தயாராக இருந்தது. என்னிடம் திட்டு வாங்கி அழுதுகொண்டிருந்த அதே ஆள், தொங்கும் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், என் முன்னால் குனிந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள். நான்கைந்து குத்து, அடியில் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. அப்புறம் முகத்தை என் வயிற்றருகே கொண்டுவந்து, நூலைப் பல்லில் பிடித்து, வெடுக்கென்று ஒரு இழுப்பு.

டக்.

பிளேட் முன்னும் பின்னுமாக ஆடி மறுபடி உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதன் விளிம்பு போய் அழுந்திய இடம் எதுவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இப்ப என்ன பண்ணீங்க?" என்றேன்.

"பட்டன் தச்சேன்."

"அப்புறம்?"

"அவ்ளோதான் மேடம்." அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. நூல் நுனி உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். கை அப்படியே வாயோடு நின்றது.

"ஐயோ மாதாவே. இது கடிக்கிறதில்லையே மேடம்... நூல் அறுக்கிறதுதானே?"

ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்கவில்லை. ஒரு கவுனுக்கு எத்தனை மணி கோப்பார்கள் என்று எனக்கே தெரியும். தின்கிற பண்டம் அத்தனையையும் அடுக்கிய நான், தொழில் என்ன என்று கேட்டு, தையல் என்று பதில் வாங்கி, அதைக் கேஸ் ஷீட்டில் என் கையாலேயே எழுதியிருந்தேன். அவ்வளவு கேட்டும் எனக்கு முறுக்குதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

கிராம்பு வாசனை வந்தது. சார் வாசலில் எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியாது. ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார், புதுப் பொத்தானையும் பார்த்தார்.

"ஹௌதா?" என்றார். அது எந்த வகை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். சார் போய்விட்டார்.

அன்றைக்கே அந்த எலும்பைக் கழற்றினோம். இரும்புக் கிண்ணத்தில் அது விழுந்த சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஈறு ஆறட்டும், சில மாதம் கழித்து வாருங்கள், கீழ்த்தாடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்து வைக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சில மாதம் கழிந்தது. அவள் வரவில்லை. வேறு ஊருக்குப் போயிருப்பாள், வேறு டாக்டரிடம் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை பிளவுஸ் துணி ஒன்று வாங்கிக்கொண்டு விவேக் நகருக்கு ஆட்டோ ஏறினேன். பிளவுஸ் தைக்கத்தான் போகிறேன் என்று ஆட்டோக்காரரிடம்கூட விளக்கம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

முன் மிஷினில் அக்கா இருந்தார். யாரோ ஒரு அம்மாவிடம், "நீங்க குண்டானதுக்கு நான் என்ன பண்றது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா சொன்னது பொய்யில்லை. என்னைப் பின்னறைக்கு அனுப்பினார். டியூப்லைட் வெளிச்சத்தில் ஸ்டெல்லா ஃபிராக் ஒன்றுக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ரிப்பன் கட்டி ஒரு கத்தரிக்கோல் தொங்கியது.

"நூல் வெட்டத்தான் மேடம். ஆனா கை போறதுக்குள்ள வாய் போயிடுது."

அளவெடுக்க எழுந்தாள். டேப்பை என் தோளில் வைத்தாள். இன்னொரு முனை வழக்கம்போல வாய்க்குப் போனது, பாதி வழியில் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்.

"இதுவும் போச்சுன்னா மேடம்?"

"தாடையோட அந்தப் பக்கத்துலேர்ந்து எடுக்கலாம்."

"அதுவும் போச்சுன்னா?"

அவள் வேறு பதிலை எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "அப்புறம் பிளேட்தான். இந்த ரூம்தான்" என்றேன். அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். வாருங்கள் என்று நான் கெஞ்சவில்லை. கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. பிளவுஸ் எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அவளே அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "அக்காகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். எடுங்க மேடம்" என்றாள்.

இரண்டாவது முறை சார் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, எனக்கு எதிர்ப்பக்கம் நின்று, கன்னத்தை ஒதுக்கும் கருவியைக் கையில் எடுத்தார். அது மாணவர்கள் பிடிப்பது. "இவத்து நானே அசிஸ்டெண்ட்" என்றார். இன்றைக்கு உதவியாள் அவரேதான். நான் ரம்பத்தை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்ததை அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி சலைனைக் கேட்டார்.

முடித்த பிறகு பிளேட் பற்றிப் பேச்சு வந்தது. "பிளேட் பேடா" என்றார் சார். புண் ஆறும்வரை பிளேட்டே வேண்டாம், எதுவும் அழுந்தக் கூடாது. ஸ்டெல்லா மிரண்டு போனாள். மூன்று பல் இல்லாமல் கடையில் எப்படி உட்காருவது? முகத்திலிருந்த மாஸ்க்கை யோசனையோடு கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றியதைப் பார்த்தேன். அலமாரியிலிருந்து ஒரு டப்பா மாஸ்க்கை எடுத்து அவள் மடியில் வைத்தேன். போட்டுக்கொண்டால் பொக்கையும் தெரியாது, நூலும் வாய்க்குள் போகாது. என் வாழ்க்கையின் ஒரே கண்டுபிடிப்பு அதுதான். கொரோனா வருவதற்கு ரொம்ப வருடம் முன்னால்.

கொரோனாவுக்கு முந்தைய தெருவில் மாஸ்க் போட்டவளுக்கு என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. ஸ்டெல்லாவுக்கு டிபி என்று சந்து முழுக்கப் பேச்சு. ஒரு அம்மா கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். "கோயில்ல எனக்காக ஜெபம் பண்றாங்க மேடம். பக்கத்து வீட்ல தினம் முட்டை குடுத்து அனுப்புறாங்க" என்றாள் ஸ்டெல்லா. முட்டை மென்மையான உணவு, சாப்பிடலாம் என்றேன். ஒவ்வொரு முறை வரும்போதும் மாஸ்க்கின் வெளிப்பக்கம் வாய்க்கு நேராகக் கசங்கியிருக்கும். கை அங்கே போய்க்கொண்டுதான் இருந்தது. முட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

அரை வருடத்துக்குப் பிறகு ஈறைத் திறந்தோம். திறக்கும் முன் நான் சாமி கும்பிட்டேன், ஸ்டெல்லாவின் சாமியையும் சேர்த்து. உள்ளே எலும்பு இருந்தது. எது பழையது, எது ஒட்டியது என்று விளிம்பு தெரியாமல் சேர்ந்திருந்தது. திருகாணிகளைக் கழற்றித் துளையிட்டதும் ரத்தம் கசிந்தது. வெள்ளையாக உலர்ந்து கிடந்தால் அது செத்த எலும்பு. ரத்தம் கசிந்தால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். மாணவியாக ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவள், அன்றைக்கு அதைப் பார்த்து அழுதேன். கண்ணாடிக்குள் நீர் கட்டிக்கொண்டது, துடைக்கவும் முடியாது, கையில் உறை.

"பரவாகில்லா" என்றது பின்னாலிருந்து கிராம்பு வாசனை.

இம்ப்ளான்ட் வைத்து, அதுவும் பிடித்து, பற்கள் மாட்டிய அன்று ஸ்டெல்லாவுக்கு நான் ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னேன். முறுக்கு சாப்பிடுங்கள், கரும்பு சாப்பிடுங்கள், நூலை மட்டும் கடிக்காதீர்கள், பீங்கான் பல் விளிம்பு உடையும். அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சத்தியமா மாட்டேன் மேடம்" என்றாள். அவள் அப்படிச் சத்தியம் செய்வது அது இரண்டாவது முறை என்பது எனக்கு நினைவில் இருந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து என் பிளவுஸ் எல்லாம் அவளிடம்தான். நஞ்சுண்டய்யா சார் ஓய்வு பெற்றுப் போனார், நான் அவர் அறைக்குப் போனேன், கிராம்பு மட்டும் எனக்குப் பழகவில்லை. எனக்கே கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் போய், அங்கே எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது. அஃப்ரீன் ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட்டு, அச்செடுத்த தாடையோடு காத்திருக்கிறாள். அந்த வேலையில் என்னென்ன செய்வார்கள் என்று அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவள் என்பதால், நான் இன்னும் தேதி கொடுக்கவில்லை.

போன வாரம் விழாவுக்கான பட்டுப் பிளவுஸைப் போட்டுப் பார்க்க விவேக் நகருக்குப் போனேன். அக்கா பின்னறையில் யார்மீதும் கோபப்படாமல் நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா முன் மிஷினில். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போனார்கள். பிளவுஸ் சரியாக இருந்தது. முதுகுப்பக்கம் ஒரு கொக்கி மட்டும் தளர்ந்திருந்தது.

"கழட்ட வேணாம் மேடம். அப்படியே நில்லுங்க" என்று பின்னால் வந்தாள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. ஊசி ஏறி இறங்குவது முதுகில் தெரிந்தது. ஒரு சுற்று, ஒரு முடிச்சு. அப்புறம் பிடரியில் அவள் மூச்சு லேசாகப் பட்டது.

டக்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் நிமிர்ந்தாள், பல்லிடுக்கில் நூல் நுனி. என் கண்ணைச் சந்தித்ததும் கை வாயை நோக்கிக் கிளம்பியது, பாதி வழியில் நின்றது.

திட்டத்தான் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். பிளேட்டின் ஆட்டமில்லை, அசைவில்லை, பட்டு நூல் ஒரே இழுப்பில் அறுந்திருந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருந்தது.

"ஹௌதா?" என்றேன்.

ஸ்டெல்லா சிரித்தாள். தெருவைப் பார்த்த கடையில், போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, வாயை மூடாமல்.

"கீழ இன்னொரு கொக்கி இருக்கு மேடம், திரும்புங்க" என்றாள்.

திரும்பி நின்றேன்.